சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்ந்துவிட்டது. அதன்பின் வரும் இருநூறு நாட்களுக்கு?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாசலில் ஒருவர் எக்ஸ்ரே படமொன்றைக் கையில் பிடித்தபடி நின்றார். ஹட்டன் நகரில் கடையொன்றில் சிப்பந்தியாக வேலை செய்பவர். அவரது பதினொரு வயது மகனின் இடது கால் வலது காலைவிட 4 சென்ரிமீற்றர் குட்டை. காலை நீட்டும் சத்திரசிகிச்சைக்கு உதவி கேட்டார். அன்று அஸருக்கு முன்னரே பிள்ளையின் படமும் வங்கிக் கணக்கு இலக்கமும் நாலைந்து வட்ஸ்அப் குழுமங்களில் வந்துவிட்டன. இரண்டு வாரத்தில் கேட்ட தொகையில் பாதிக்கு மேல் சேர்ந்தது.

நிர்வாக சபையினர் இருவர் என்னைத் தேடி வந்தார்கள். "சேர், வெளிநாட்டிலிருக்கிற நம்ம ஆக்களுக்கு அனுப்ப நல்ல கடிதமொன்று எழுதித் தாங்க" என்றார்கள். ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. இதே மாதிரியான ஒரு கடிதத்தை நான் 2022இல் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு நடந்தவற்றை நமது ஊரில் பலர் அறியமாட்டார்கள். அறிந்த நானும் இதுவரை பேசவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

2022இல் நடந்தது

அப்போது நான் ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தரம் 6இல் ஒரு மாணவி. பெயர் வேண்டாம். நான்கு வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கிருமித் தொற்று ஏற்பட்டு, அது ஆறிய பிறகும் எலும்பின் வளர்ச்சி பாதிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் ஒரு கால் வளர்ந்தது, மற்றது பின்தங்கியது. பதினொரு வயதில் வித்தியாசம் 5 சென்ரிமீற்றர். லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் படிகளில் அவள் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஏறிவருவதை வகுப்பறை ஜன்னலால் தினமும் பார்ப்பேன்.

கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு ஏற்பாடானது. சத்திரசிகிச்சை இலவசம், காலில் பொருத்தும் வளையச் சட்டகத்தை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. ஹட்டன் பஸாரிலுள்ள நமது வியாபாரிகளிடம் போனேன். பிள்ளை முஸ்லிம் அல்ல. அதை ஒருவர்கூட ஒரு விடயமாக எடுக்கவில்லை. ஸதகாவுக்கு அந்த எல்லை கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். நான் கடிதம் எழுதினேன், பணம் சேர்ந்தது, தாயின் கையில் கொடுத்தோம், படமும் எடுத்தோம். அத்துடன் நமது கடமை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏப்ரல் கடைசியில் சத்திரசிகிச்சை நடந்தது. சில நாட்கள் வைத்திருந்து, திருகாணியைச் சுற்றும் விதத்தைத் தாய்க்குப் பழக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை. ஆறு பேர். தண்ணீர் பொதுக் குழாயில். கம்பித் துளைகளைச் சுத்தம் செய்யக் கொதிக்கவைத்த தண்ணீர் வேண்டும், விறகடுப்புத்தான். தாய் கொழுந்து பறிப்பவர். அன்றைக்கு நாட்சம்பளம் 1000 ரூபா. அதுவும் சொன்ன கிலோ பறித்தால்தான் முழுப் பேர். பிள்ளையுடன் கொழும்புக் கிளினிக்குக்குப் போய் வர இரண்டு நாட்கள் போய்விடும்.

"சேர், ராவையில புள்ள தூங்குறதே இல்லங்க. நெட்டு சுத்தப் போனாலே கத்துறா" என்று தாய் ஒருநாள் பாடசாலை வாசலில் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா, எல்லாம் சரியாகிரும்" என்றேன். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அந்த வருடம் மே, ஜூன் மாதங்கள் எப்படியிருந்தன என்பதை வாசகர்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. ஹட்டனிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். வான்காரர் வரமுடியாது என்றார். பஸ்ஸில் அந்தச் சட்டகத்துடன் ஏற இடமில்லை. ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தது. மூன்று கிளினிக்குகள் தவறின. இரண்டு கம்பித் துளைகளில் சீழ் வைத்தது. சுற்றுவதால்தான் சீழ் வருகிறது என்று எண்ணிய தாய், ஜூன் நடுப்பகுதியில் சுற்றுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தக் கூடாது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கேட்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கமும் அவரிடம் இல்லை.

ஜூலை மூன்றாம் வாரம் மரக்கறி லொறியொன்றில் ஏறிக் கொழும்புக்குப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது எலும்பு அதற்குள் ஒட்டிவிட்டிருந்தது. நீண்டிருந்தது 3 சென்ரிமீற்றர். குதிகால் நிலத்தில் படாமல் பாதம் கீழ்நோக்கி இறுகியிருந்தது. குதிகால் நாணை நீட்ட இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. மொத்தத்தில் ஒரு வருடப் படிப்பு போனது.

இப்போது அவள் சாதாரண தரத்துக்குத் தயாராகிறாள். நன்றாகப் படிக்கிறாள். ஒரு சப்பாத்தில் 2 சென்ரிமீற்றர் உயர்த்திய அடிப்பாகம். கணுக்கால் முழுதாக மடங்காது. முன்பு படியில் சாய்ந்து ஏறியவள், இப்போது படியில் இறங்கக் கஷ்டப்படுகிறாள்.

கால் எப்படி நீள்கிறது?

இந்தச் சிகிச்சையைப் பற்றி அதன்பிறகுதான் தேடித் தேடி வாசித்தேன். முன்னரே வாசித்திருக்க வேண்டும்.

இன்று உலகெங்கும் செய்யப்படும் முறையின் மூலகர்த்தா கவ்ரீல் இலிசரோவ் எனும் சோவியத் வைத்தியர். சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் போர்க்காயங்களால் எலும்பு சேராமல் கிடந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தபோது இதை வளர்த்தெடுத்தார். 1980களின் தொடக்கத்தில் இத்தாலி வழியாக மேற்குலகுக்குப் போனது. அடிப்படை எளிது. எலும்பை ஓரிடத்தில் கவனமாக வெட்டுவார்கள். தோலையும் தசையையும் ஊடுருவி எலும்பில் பாயும் கம்பிகளை, காலைச் சுற்றியுள்ள உலோக வளையங்களில் பூட்டுவார்கள். ஐந்து முதல் ஏழு நாட்கள் விட்டுவிட்டு, பிறகு திருகாணியைச் சுற்றி எலும்பின் இரு துண்டுகளையும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் விலக்குவார்கள். அந்த ஒரு மில்லிமீற்றரையும் ஒரேயடியாக அல்ல, கால் மில்லிமீற்றர் வீதம் நான்கு தடவையாக. இடைவெளியில் உடல் புதிய எலும்பை உருவாக்கும்.

கணக்கைப் பாருங்கள். 5 சென்ரிமீற்றர் என்றால் 50 மில்லிமீற்றர், 50 நாட்கள், 200 தடவை சுற்ற வேண்டும். அது நீட்டும் காலம் மட்டுமே. புதிய எலும்பு மென்மையானது. அது இறுகும்வரை சட்டகம் காலிலேயே இருக்க வேண்டும். நீட்டிய ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் சட்டகம் ஒரு மாதமாவது என்பது பொதுவான கணிப்பு. பலருக்கு அதைவிடக் கூடும். கழற்றிய பிறகு நடையைப் பழகவும் மாதங்கள் செல்லும். எனவேதான் தலைப்பில் இருநூறு நாட்கள் என்றேன். அதுவும் குறைத்துச் சொன்ன கணக்கு.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் வைத்தியரின் வேலை சில மணித்தியாலங்கள். மிகுதி வேலை தாயின் கையில், வீட்டில். சிக்கல்கள் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அங்கேதான்.

என்னென்ன நடக்கலாம்?

முதலாவது, கம்பித் துளைகளில் தொற்று. மாதக்கணக்கில் தோலைத் துளைத்துக்கொண்டு உலோகம் இருந்தால், கொஞ்சமாவது தொற்று வராத பிள்ளை அரிது. ஆரம்பத்திலேயே கண்டால் சுத்தம் செய்வதாலும் வாயால் உட்கொள்ளும் மருந்தாலும் சரியாகும். விட்டால் எலும்புக்குள் இறங்கும்.

இரண்டாவது, தசையும் நாண்களும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீளாது. முழங்கால் மடங்காமல் இறுகும். குதிகால் மேலே இழுபடும். சிலவேளை மூட்டே இடம் விலகும். இதைத் தடுப்பது நாளாந்த பிசியோதெரபி. வலிக்கிறது என்று பிள்ளை அழும்போது தாய் மனமிரங்கி விட்டுவிட்டால், அந்த இரக்கத்துக்கான விலையைப் பிள்ளைதான் பிறகு கொடுக்கும்.

மூன்றாவது, எலும்பு. மெதுவாகச் சுற்றினால் அல்லது நிறுத்தினால் உரிய நேரத்துக்கு முன்னரே ஒட்டிவிடும். சிறுவர்களில் எலும்பு விரைவாக வளர்வதால் இது இன்னும் எளிதில் நடக்கும். வேகமாகச் சுற்றினால் எலும்பு உருவாகாது. நரம்பும் இழுபட்டுப் பாதம் மரத்துப்போகும், மேலே தூக்க முடியாமல் தொங்கும். நீளும்போது எலும்பு கோணலாகலாம். சட்டகத்தைக் கழற்றிய பின் புதிய எலும்பு முறியலாம். மலைப் படிகளிலும் வழுக்கும் தேயிலைச் சரிவிலும் நடக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த அபாயம் எவ்வளவு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, மனம். பத்து, பதினொரு வயதில் காலில் இரும்பு வளையங்களுடன் மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடக்கும் பிள்ளையின் மனதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இத்துறையில் பெயர்பெற்ற வைத்தியர் ட்ரோர் பேலி, 1990இல் இந்தச் சிரமங்களை மூன்றாகப் பிரித்து எழுதினார். சத்திரசிகிச்சையின்றியே தீர்பவை ஒரு வகை. இன்னொரு சத்திரசிகிச்சையால் தீர்பவை அடுத்தது. சிகிச்சை முடிந்த பிறகும் தங்கிவிடுபவை மூன்றாவது. அவர் மூன்றாவதை மட்டுமே உண்மையான சிக்கலாகக் கருதினார். இந்தப் பிரிப்பு எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. ஒரே தொற்று, ஒரே இறுக்கம், கவனிக்கப்படும் பிள்ளைக்கு முதலாம் வகையோடு முடிந்துவிடும். கவனிக்க ஆளில்லாத பிள்ளைக்கு மூன்றாம் வகையாகிவிடும். எங்கள் மாணவிக்கு நடந்தது அதுதான்.

எலும்புக்குள்ளேயே வைத்துக் காந்தத்தால் நீட்டும் ஆணிகள் இப்போது வந்துள்ளன. வெளியே கம்பி இல்லை என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் விலை மிக அதிகம். வளர்ச்சித் தட்டைத் துளைத்துச் செல்லக்கூடும் என்பதால் சிறு பிள்ளைகள் பலருக்குப் பொருந்தாது. அவற்றில் ஸ்ட்ரைட் எனும் ஒரு வகை, உலோகம் அரிக்கப்படும் பிரச்சினையால் 2021இல் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. புதியது என்பதாலேயே சிக்கலற்றது என்றாகாது.

சிக்கல் வேறு, கவனயீனம் வேறு

இந்த நாட்டில் வைத்தியசாலைகள் மீதான நம்பிக்கை அண்மைய வருடங்களில் ஆடிப்போயிருக்கிறது. 2022 டிசம்பரில், பழுதடைந்த ஒரு சிறுநீரகத்தை அகற்றுவதற்கான சத்திரசிகிச்சைக்குப் பின் மற்றச் சிறுநீரகமும் இல்லாமல்போய், 2023 ஜூலையில் மரணித்த கொட்டாஞ்சேனைக் குழந்தையை நமது சமூகம் மறக்காது. 2023இல் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்குச் சேர்க்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமி கையை இழந்தாள். அதே வருடம் ஏப்ரலில் நமது நுவரெலியாவிலேயே, கண் சத்திரசிகிச்சைக்குப் பின் பாவித்த சொட்டு மருந்தால் நோயாளர் சிலரின் பார்வை பாதிக்கப்பட்டது. இவற்றுக்கு விசாரணையும் பொறுப்புக்கூறலும் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு எந்தச் சிக்கல் வந்தாலும் "டொக்டர் பிழை விட்டுட்டார்" என்று பேஸ்புக்கில் போடும் பழக்கமும் வளர்ந்திருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது கவனயீனம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஒரு பங்கினருக்கு வரக்கூடியது சிக்கல். காலை நீட்டும் சிகிச்சையில் ஏதாவதொரு சிரமம் வரும் என்று எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். அதை முன்கூட்டியே, பெற்றோருக்குப் புரியும் மொழியில் சொல்வது வைத்தியரின் கடமை. கேட்பது நமது உரிமை. மலையகத்தில் இந்த "புரியும் மொழி" என்பது சிறிய விடயம் அல்ல. சிங்களத்தில் வேகமாகச் சொன்ன அறிவுறுத்தலுக்குத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "என்ன சொன்னாங்க?" என்று ஒருவரையொருவர் கேட்கும் பெற்றோரை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாணவியின் விடயத்தில் வெட்டிய வைத்தியர் பிழை விட்டதாக நான் நினைக்கவில்லை. கொழும்பு வாட்டுக்கும் லயன் அறைக்கும் இடையில் இருந்த 130 கிலோமீற்றரை யாரும் பொறுப்பெடுக்கவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் அடக்கம்.

வேறு வழி இருந்ததா?

இதுதான் என்னை அதிகம் உறுத்தும் கேள்வி.

கால்களின் நீளத்தில் 2 சென்ரிமீற்றர் வரையான வித்தியாசத்துக்குப் பொதுவாகச் சிகிச்சையே தேவையில்லை. தேவைப்பட்டால் சப்பாத்தை உயர்த்தினால் போதும். ஏறத்தாழ 2 முதல் 5 சென்ரிமீற்றர் வரை வேறொரு வழி இருக்கிறது. குட்டையான காலை நீட்டுவதற்குப் பதிலாக, நீளமான காலின் வளர்ச்சித் தட்டை உரிய வயதில் சிறிய சத்திரசிகிச்சை மூலம் நிறுத்திவிடுவது. மற்றக் கால் மெதுவாக எட்டிப் பிடிக்கும். சட்டகம் இல்லை, மாதக்கணக்கில் திருகாணி இல்லை.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. முழங்காலுக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ 10 மில்லிமீற்றரும், கீழுள்ளது ஏறத்தாழ 6 மில்லிமீற்றரும் வளர்ச்சி தரும். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 16 வயதிலும் அது நின்றுவிடும். ஆக, ஒரு சிறுவனுக்கு 13 வயதில் இரண்டு தட்டுகளையும் நிறுத்தினால், மூன்று வருடத்தில் 48 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் சமப்படும். உண்மையில் வைத்தியர்கள் கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்து, வித்தியாசம் இன்னும் எவ்வளவு கூடும் என்பதையும் கணித்தே முடிவெடுப்பார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. பிள்ளையின் இறுதி உயரமும் சில சென்ரிமீற்றர் குறையும். ஆனால் இந்த வழிக்கு ஒரு கடவை இருக்கிறது. அந்த வயது கடந்தால் கதவு மூடிவிடும்.

எங்கள் மாணவிக்கு இது பொருந்தியிருக்குமா என்பது அப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அவள் பாடசாலைக்குள் வந்தது தரம் 1இல். நமது நாட்டில் தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவள் நொண்டி நடப்பதைப் பார்த்த நாங்கள், ஓர் அளவு நாடாவை எடுத்து அளந்து, வருடாவருடம் எழுதிவைத்து, சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டியிருந்தால், ஐந்து வருடம் முன்னதாகவே நிபுணரிடம் போயிருப்பாள். கலாசாலையில் எங்களுக்குப் பாடத்திட்டம் தயாரிக்கப் பழக்கினார்கள். பிள்ளையின் நடையைப் பார்க்கப் பழக்கவில்லை. ஆனால் அதற்குக் கலாசாலை தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

உயரத்துக்காகச் செய்வதா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். யூடியூப்பில் கால் நீட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "எங்க புள்ளையும் கட்டை, இதைச் செய்யலாமா சேர்?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். வேண்டாம். 2016இல் ஹைதராபாத்தில் 22 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் வீட்டாருக்குத் தெரியாமல் உயரத்துக்காக இரு கால்களையும் வெட்டச் செய்தது இந்தியாவில் பெரும் சர்ச்சையானது. சீனா 2006இலேயே அழகுக்காக இதைச் செய்வதைத் தடை செய்தது.

நமது மலையகப் பிள்ளைகளின் உயரக் குறைவுக்கான காரணம் எலும்பில் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். கர்ப்பிணித் தாயின் தட்டிலும், பிள்ளையின் முதல் இரண்டு வருடச் சாப்பாட்டிலும்தான் அதற்கான சிகிச்சை இருக்கிறது. அதற்கு வட்ஸ்அப்பில் யாரும் பணம் சேர்ப்பதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 6, 8 சென்ரிமீற்றர் குட்டையான காலுடன் பிறந்த பிள்ளைக்கு இது வாழ்க்கையையே மாற்றித் தரும். நன்கு கவனிக்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் சமமாக நடக்கிறார்கள். நான் சொல்வது, சத்திரசிகிச்சைக்கு மட்டும் பணம் சேர்ப்பது பாதி உதவி; சிலவேளை அந்தப் பாதி, பிள்ளையை முன்பிருந்ததைவிட மோசமான இடத்தில் விட்டுவிடும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஸகாத் குழுக்களுக்கும் சில யோசனைகள்:

1. பணம் சேர்க்கும் முன் ஒரு படித்தவர் பெற்றோருடன் கிளினிக்குக்குப் போகட்டும். மூன்று கேள்விகள் கேட்கட்டும்: நீட்டாமல் வேறு வழி உண்டா? காத்திருந்தால் என்ன ஆகும்? எத்தனை மாதம், எத்தனை தடவை வரவேண்டும்?

2. சேரும் பணத்தைச் சத்திரசிகிச்சைக்கு ஒரு பங்கு, பின்னரான காலத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்து வையுங்கள். வாகனச் செலவு, தாய் இழக்கும் சம்பளம், மருந்து கட்டும் துணி, பிள்ளைக்கு முட்டையும் பாலும், இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அதற்கான ஒதுக்கு. 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அப்போதைய அந்தச் சம்பளத்தின்படி மாதத்துக்கு நான்கு நாட்கள் போனாலே 5400 ரூபா. நமக்கு அது சிறிய தொகை. அந்த வீட்டுக்கு அரிசி.

3. சட்டகம் கழற்றும்வரை ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். வாட்டின் தொலைபேசி இலக்கம் அவரிடம் இருக்கட்டும். சீழ் கண்டால் யாரிடம் கேட்பது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

4. பெரிய சத்திரசிகிச்சை கொழும்பிலோ பேராதனையிலோ நடக்கட்டும். துளைகளைப் பார்ப்பதும் பிசியோதெரபியும் வீட்டுக்கு அருகில் நடக்க வேண்டும். 2017 மே மாதம் இந்திய உதவியுடன் கட்டித் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்றவற்றுக்கு நிபுணரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவந்தால், இரண்டு நாள் பயணம் இரண்டு மணித்தியாலமாகும். இந்த ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள்.

5. அரச உதவியையும் நாடுங்கள். 2025 பெப்ரவரி முதல் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். தோட்டத்து மக்கள் பலருக்கு இது தெரியாது. படிவம் நிரப்பிக் கொடுப்பதும் ஒரு ஸதகாதான்.

6. பிள்ளையின் முகத்தையும் காலையும் படம்பிடித்துப் பரப்பாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு நாளை பதினெட்டு வயதாகும். அப்போதும் அந்தப் படம் எங்கோ ஒரு குழுமத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒன்று: அளவு நாடாவைக் கையில் எடுங்கள். நொண்டும் பிள்ளையை விளையாட்டுப் போட்டியில் ஓரமாக உட்காரவைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சட்டகத்துடன் வீட்டிலிருக்கும் பிள்ளைக்குக் கிழமைக்கொரு தடவையாவது பாடக்குறிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் மாணவி இழந்த ஒரு வருடப் படிப்பில் ஆறு மாதத்தை நான் மீட்டுக் கொடுத்திருக்கலாம். போகவில்லை.

கடைச் சிப்பந்தியின் மகனுக்கு வருகிறேன். கடிதம் எழுதுவதற்கு முன் நானும் நிர்வாக சபை உறுப்பினர் ஒருவரும் அவர்களுடன் கிளினிக்குக்குப் போனோம். மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டோம். நிபுணர் கோபப்படவில்லை, பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு, இன்னும் காலமிருக்கிறது, சப்பாத்தை உயர்த்திப் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள், வளர்ச்சியை நிறுத்தும் சிறிய சத்திரசிகிச்சையே போதுமாகலாம் என்றார். கடைசி முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை.

ஊரில் இப்போது வேறு பேச்சு. "காசு குடுத்தோமே, ஏன் இன்னும் ஒப்பரேஷன் செய்யல்ல?" என்று சிலர் கேட்கிறார்கள். பணம் பள்ளிவாசல் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. வரவு செலவு அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நீங்கள் பணம் தந்தது சத்திரசிகிச்சைக்கு அல்ல, பிள்ளை நடப்பதற்கு. அதற்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டுமென்றால் காத்திருப்போம். அதற்கிடையில் அந்த உயர்த்திய சப்பாத்து ஆறு மாதத்துக்கொன்று தேய்ந்துபோகும். அடுத்த ஜோடிக்கு யார் பொறுப்பு என்பதை இந்த வெள்ளிக்கிழமையே முடிவு செய்வோம்.